புது ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) விமானம்: முதல் தடவை மேலே அனுப்பும் முன்

கிட்டை ஒட்டி, சர்வோ (இறக்கை, வால் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) மாட்டி, ரிசீவரை டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் செய்து இணைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அதெல்லாம் கிட்டோடு வரும் தாளிலேயே இருக்கும். நான்கு சேனல் ஃபோம் டிரெய்னர், 3எஸ் லிப்போ (மூன்று செல் லித்தியம் பேட்டரி), ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர் என்ற கணக்கில் எழுதுகிறேன். வேறு செட் என்றாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

1. புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் செய்யும் சோதனை எல்லாம் புரொப் இல்லாமல்தான். த்ராட்டிலை (மோட்டார் வேகக் குச்சியை) தொடவே மாட்டேன் என்பீர்கள். சட்டைக் கை குச்சியில் பட்டாலே மோட்டார் சுற்றிவிடும். முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள், த்ராட்டில் கீழே, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. முடிக்கும்போது முதலில் பேட்டரியைப் பிடுங்குங்கள்.

2. இழுத்துப் பாருங்கள். கீல், புஷ்ராடு (சர்வோவைப் பலகையோடு இணைக்கும் கம்பி), சர்வோ ஆர்ம் திருகு எல்லாவற்றையும் விரலால் லேசாக இழுத்தால் போதும். ஆடுகிறதா? இப்போதே சரிசெய்யுங்கள்.

3. சிஜி, அதாவது விமானத்தின் எடை சமநிலையாக நிற்கும் புள்ளி. பேட்டரியை அதன் இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தாளில் குறித்த இடத்தில், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்குங்கள். குறிப்பு இல்லையென்றால், சாதாரண நேர் இறக்கைக்கு முன் விளிம்பிலிருந்து, இறக்கையின் முன்-பின் அகலத்தில் 25 முதல் 30 சதவீதம், 200 மி.மீ. அகலமென்றால் 50-60 மி.மீ. மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் பரவாயில்லை. வால் சாய்ந்தால் பறக்கவிடாதீர்கள், பேட்டரியை முன்னே தள்ளுங்கள். சிஜி ஸ்டாண்ட் விற்கிறார்கள், இந்த அளவு விமானத்துக்கு அது வீண் செலவு.

4. எந்தப் பக்கம் அசைகிறது? இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அசைகிறதா என்று பார்த்துவிட்டு, சரியான பக்கம் அசைகிறதா என்று பார்ப்பதில்லை. மேசையில் விமானம் நம்மைப் பார்த்தபடி இருந்தால் இடம் வலம் வேறு குழம்பும். அதனால் வாலுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். எய்லரான் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) *மேலே* எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். "வலப்பக்கம் சாயணும்னா வலது எய்லரான்தானே இறங்கணும்?" என்று தோன்றும். இல்லை. மேலே எழுந்த எய்லரான் அந்த இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கம் சாய்கிறது. குச்சி சாயும் பக்கத்து எய்லரான் எழும் என்று மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் (வாலின் படுக்கைப் பலகை) மேலே. ரடர் (வாலின் நிமிர்ந்த பலகை), குச்சி போகும் பக்கமே. தலைகீழாக இருந்தால் மெனுவில் ரிவர்ஸ் செய்யுங்கள். இந்தச் சோதனையை மைதானத்திலும், ஒவ்வொரு தடவையும்.

5. ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. சிக்னல் போனால் சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். மோட்டார் ஓடிக்கொண்டே விமானம் எங்கோ போய்விடும். எஃப்எஸ்-ஐ6-இல் சிஸ்டம் மெனு, ஆர்எக்ஸ் செட்டப், ஃபெயில்சேஃப் என்று போய், சேனல் 3-ஐ (த்ராட்டில்) ஆன் ஆக்கி, த்ராட்டில் அடியில் இருக்கும்போது சேமியுங்கள். புரொப் இல்லாமலே த்ராட்டிலைப் பாதி ஏற்றி டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். மெனுவில் ஆன் என்று காட்டுவதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

6. மைதானத்தில். ஏர்போர்ட் பக்கம் என்றால் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை (எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசு வரைபடம்) பாருங்கள். சிவப்பு, மஞ்சள் மண்டலமென்றால் வேறு இடம் தேடுங்கள். காலையில் காற்று எழும் முன்பே போய்விடுவது நல்லது. புரொப்பை எழுத்து முன்பக்கம் பார்க்கும்படி மாட்டி, நட்டை இறுக்குங்கள். லிப்போ முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சத்தம் போடும் சின்ன லிப்போ செக்கர் ஒன்றை பேலன்ஸ் வயரில் செருகி, செல்லுக்கு 3.5 வோல்ட்டில் கத்தும்படி வையுங்கள். நான் டைமரைவிட இதைத்தான் நம்புவேன். பேட்டரியை வெல்க்ரோ ஒட்டி மட்டும் விடாமல், பட்டையாலும் கட்டுங்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டரில் ரேஞ்ச் செக் (சிக்னல் எட்டும் தூரத்தைச் சோதிக்கும்) வசதி இருந்தால் அதைப் போட்டு, யாரையாவது விமானத்தைப் பின்னாலிருந்து பிடிக்கச் சொல்லி, 30 தப்படி தள்ளி நின்று பாருங்கள். மோட்டார் ஓடும்போதும் ஒரு தடவை.

பின்சேர்க்கை: "குச்சிக்கு எல்லாம் சரியாகத்தான் அசைந்தது, ஆனால் கையை விட்டதுமே புரண்டுவிட்டது" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருடையதும் ஜைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) வைத்த விமானம். ஜைரோவுக்குத் தனிச் சோதனை வேண்டும், அது குச்சிச் சோதனைக்கு நேர் எதிர்: ஜைரோவை ஆன் செய்து, குச்சியைத் தொடாமல், விமானத்தைக் கையில் பிடித்து வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாயுங்கள். வலது எய்லரான் *கீழே* இறங்க வேண்டும், சாய்ந்த இறக்கையைத் தூக்க. மூக்கை உயர்த்தினால் எலிவேட்டர் கீழே. மாறியிருந்தால் டிரான்ஸ்மிட்டரில் கை வைக்காதீர்கள். ஜைரோவிலேயே அந்த அச்சுக்கான ரிவர்ஸ் இருக்கும், அதை மாற்றுங்கள்.