நீள்கொம்பு வண்டுக்குப் பெயர் வைக்கும் முன்

மாமரத் தண்டைத் துளைத்து மரத்தூளை வெளியே தள்ளும் புழு நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அது வளர்ந்து வண்டாக வந்தால் பாட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா என்ற நீள்கொம்பு வண்டு. 1775-லேயே விவரிக்கப்பட்ட இனம். இவ்வளவு பழகிய வண்டையே தவறாக அடையாளம் சொல்லிவிட முடியும் என்றால், போர்னியோ காட்டில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பெயர் தெரியாத வண்டு எம்மாத்திரம்?

நான் அதிகம் பார்ப்பது நிறத்தை நம்பும் தவறு. இந்த வண்டுகளில் பலவற்றின் நிறம் ஓட்டில் இருப்பதில்லை, ஓட்டின் மேல் படிந்திருக்கும் நுண்மயிரில்தான் இருக்கிறது. மரப்பட்டையில் உராய்ந்தால் மயிர் உதிரும். உடலின் எண்ணெய் கசிந்தால் மயிர் ஒட்டிக் கருத்துப்போகும். பாட்டோசெராவை உயிரோடு பார்த்தால் முன்மார்பில் இரண்டு செம்மஞ்சள் திட்டுகள் பளிச்சென்று தெரியும். பெட்டியில் பல ஆண்டு இருந்தபின் அவை வெளிறிவிடும். வெளிறியதையும் உயிருள்ளதன் படத்தையும் பக்கத்தில் வைத்து 'இது வேறு இனம்' என்று முடிவுகட்டுவது எளிது, தப்பும்கூட. அதே வண்டை லென்சில் பாருங்கள்: இறக்கை உறையின் தோள்பகுதியில் கறுத்து மினுங்கும் சிறு புடைப்புகள், தோளில் ஒரு முள். நிறம் போனாலும் இவை போகாது. அதனால் மயிரின் நிறத்தை ஒரு வரியில் எழுதுங்கள், அதன் அடியில் இருக்கும் ஓட்டைத் தனியாக விவரியுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய பழைய விவரிப்புகளோடு மல்லாடிய யாருக்கும் இதன் அருமை புரியும்.

அப்புறம், பெயரில் நீள்கொம்பு இருக்கிறதே என்று கொம்பை மட்டும் பார்க்கக் கூடாது. காப்பித் தோட்டங்களை அழிக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான், அதாவது சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ், இந்தக் குடும்பம்தான். அதன் உணர்கொம்போ குட்டை. கொம்பு முளைக்கும் இடத்தைச் சுற்றிக் கண் வளைந்திருக்கிறதா, பாதத்தில் நான்கு கணுதான் தெரிகிறதா என்று பாருங்கள். ஐந்தாவது மிகச் சிறியது, மறைந்திருக்கும். இந்தக் குடும்பத்தின் ஒரு பிரிவான லாமினே துணைக்குடும்பம் என்று சொல்ல, செங்குத்தாக இறங்கும் முகம், கூராக முடியும் வாயுணரி, முன்னங்காலின் உட்புறப் பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு வண்டை வைத்துப் புதிய இனம் அறிவிப்பது பெரிய ஆபத்து. பல இனங்களில் ஆணின் கொம்பு பெண்ணுடையதைவிட நீளம். புழுவாக இருந்தபோது கிடைத்த தீனியைப் பொறுத்து, ஒரே இனத்தில் ஒன்று இன்னொன்றைப் போல இரண்டு மடங்குகூட இருக்கலாம். 20-ஆம் நூற்றாண்டில் ஸ்டீஃபன் ஃபான் பிராய்னிங் என்ற ஒருவரே லாமினேயில் 7,000-க்கும் மேற்பட்ட பெயர்களை வைத்தார். அந்த உழைப்பு வியக்கத்தக்கது. ஆனால் அவற்றில் பல, பழைய பெயர்களின் மறுபெயர்கள் என்று பிறகு தெரியவந்தது. ஐயம் இருந்தால் ஆண் பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

நூல்களிலும் கவனம் வேண்டும். பூச்சியியலாளர் கஹானின் 1906-ஆம் ஆண்டு இந்திய வண்டுத் தொகுதியை நாம் எல்லோரும் எடுக்கிறோம். அதில் லாமினே கிடையாது! லாமினே வண்டை அதன் அடையாளச் சாவியில் (பண்பு பண்பாகக் கேட்டு இனப்பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியலில்) ஓட்டினால் எங்காவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். இயற்கையாளர் வாலஸ் மலாய்த் தீவுக்கூட்டத்தில் சேகரித்த நீள்கொம்பு வண்டுகளைப் பூச்சியியலாளர் பாஸ்கோ 1860-களில் விவரித்தார். அந்த விவரிப்புகளைப் படித்தால் மட்டும் போதாது, மூல மாதிரியை, அதாவது பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட அதே வண்டை, நேரிலோ நல்ல படத்திலோ பார்த்தே ஆக வேண்டும்.

சரி, உண்மையிலேயே புதியதுதான் என்று உறுதியாகிவிட்டது. 1999-க்குப் பிறகு வெளியாகும் இனப்பெயருக்கு மூல மாதிரி எது, எங்கே வைக்கப்படுகிறது என்று கட்டுரையிலேயே குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவும் தேவை. இந்தியாவில் கண்டெடுத்ததென்றால், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சீட்டில் 'மலாக்கா' என்றோ 'இந்தியா' என்றோ மட்டும் எழுதி வைத்த பழைய மாதிரிகள் இன்றும் நம்மைத் திணறடிக்கின்றன. ஊர், உயரம், தேதி, எந்த மரம், விளக்கில் வந்ததா கட்டையிலிருந்து வெளிவந்ததா என்பதை, வண்டை ஊசியில் குத்தும் அன்றே எழுதி அதே ஊசியில் மாட்டிவிடுங்கள்.