கல்லுக்கு மேல தூண்டில் போடுறது எப்பிடி? (ஈயம் முழுக்க கடலுக்குக் குடுத்தவன் எழுதுறன்)

முதல் தரம் கூட்டாளிமாரோட மட்டக்களப்பு பாலமீன்மடுவால வெளிக்கிட்டு கல்லுக்கு (கடலுக்கடியில மீன் கூடுற முருகைக்கல்லுப் பாறை) போனம், நான் ஒம்பது ஈயக்குண்டையும் அத்தனை தூண்டிலையும் அறுத்துக் குடுத்துட்டு ரெண்டு சின்ன விளைமீனோட வந்தன், மற்றவனுகள் பெட்டிய நிறைச்சிட்டானுகள். அடுத்த தரம் எனக்கு மூணு ஈயம்தான் போச்சு.

நாள் பாக்கிறது: நம்மட பக்கம் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரைக்கும்தான் சரி, வாடைக்காத்து தொடங்கினா முகத்துவாரத்து அலையே விடாது. விடிய முதல் போங்க, கச்சான் காத்து பிடிச்சா போட்டை ஆழ்கடல் பக்கம் தள்ளும், அதுக்கு முதல் கரைக்கு வந்திரணும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வெறுவயித்தோட ஏறாதீங்க, சத்திதான் வரும்.

சாமான்: கைத்தூண்டில்தான் என்ட கட்சி. ரொட்டும் ரீலும் வடிவா இருக்கும், ஆனா அஞ்சு பேர் இருக்கிற ஃபைபர் போட்டில ஆளுக்கு ஆள் சிக்குப்படும். 60 இறாத்தல் பாரம் தாங்கிற தங்கூசி (தூண்டில் கட்டுற நைலோன் நூல்), இரைக்குக் கணவாய். இறால் வேணாம், சின்ன மீன் கொத்தியே முடிச்சிரும்.

இப்பதான் நான் சறுக்கின இடம். நான் ஈயத்த மேலயும் தூண்டில கீழயும் கட்டினன், தூண்டில் கல்லுல கொழுவினா எல்லாம் போச்சு. மாத்திக் கட்டுங்க: ஈயம் ஆகக் கீழ, அதுக்கு ஒரு முழம் மேல பக்கவாட்டில தூண்டில். ஈயத்த மட்டும் 20 இறாத்தல் மெல்லிய தங்கூசியில கட்டுங்க, அப்ப ஈயம் கொழுவினாலும் அந்தத் துண்டு மட்டும் அறும், தூண்டில், மீன் எல்லாம் மேல வரும்.

இறக்கக்குள்ள தங்கூசிய சுட்டுவிரல்ல போட்டுக்கொள்ளுங்க. ஈயம் கல்லுல பட்டா 'டொக்' எண்டு விரல்ல தெரியும், மணலெண்டா சத்தமில்லாம தங்கூசி தளரும், அவ்வளவுதான். பட்ட உடனே அரைப் பாகம் (ஒரு பாகம் எண்டா ஆறடி) தூக்குங்க, ஈயத்தக் கல்லுல கிடக்க விடாதீங்க. சின்னக் கொத்துக்கு இழுக்காம பாரமா இழுக்கிற வரைக்கும் பொறுங்க. கலவாயெண்டா மட்டும் பொறுமை வேணாம், முதல் ரெண்டு பாகம் விடாம இழுங்க, பொந்துக்குள்ள பூந்தா அவ்வளவுதான். பூந்திட்டா தங்கூசியத் தளர விட்டுட்டு கொஞ்சம் இருங்க, சிலநேரம் தானா வெளிய வரும்.

நங்கூரத்த கல்லுக்கு மேல போடாதீங்க, பக்கத்து மணல்ல போட்டு நீரோட்டத்தில போட்டக் கல்லுக்கு மேல வர விடுங்க. கல்லுல போட்டா முருகைக்கல்லும் உடையும், நங்கூரமும் வராது.

பின்சேர்ப்பு: ஹேர்மிஸ் கப்பலுக்கு மேல போடலாமா எண்டு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. 1942 சித்திரையில ஜப்பான்காரன் தாட்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 50 மீற்றருக்கும் கூட ஆழம், நீரோட்டமும் இருக்கு. பழகுற ஆளுக்கு வேணாம் மச்சான்.

இன்னொண்டு: ஒரா மீனோ கெளிறோ, கழட்டக்குள்ள முள்ளு குத்திட்டா எண்டு ஒரு தங்கச்சி கேட்டா. தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில கைய வைச்சா வலி குறையும், வீங்கினா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்கட ஒருத்தனுக்குக் குத்தின நாள்ல இருந்து போட்டில பெரிய பிளாஸ்க் ஒண்டு போகுது, யாருக்கும் குத்தாட்டி தேத்தண்ணிக்கு.