நார்வே ஜாஸில் பனியைத் தேடாதீர்கள்

நார்வே நாட்டு ஜாஸ் என்று சொன்னதும் இசை காதில் விழுவதற்கு முன்பே ஒரு படம் கண்முன் வந்துவிடுகிறது. மலைகளுக்கு நடுவே புகுந்த கடல், உறைந்த ஏரி, ஆள் அரவமற்ற வெளி. ஆல்பத்தின் அட்டையிலும் பல நேரம் அப்படி ஒரு புகைப்படமே இருக்கும். பிறகு டிரம்பெட் ஒலிக்கத் தொடங்குகிறது. நாம் அதில் பனியைக் கேட்கிறோம். இந்த இசைக்குள் புதிதாக நுழைபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன. படம் குறுக்கே வந்து நின்றுவிட்டால், வாசிக்கிறவர்கள் எல்லோரும் அதன் பின்னால் மறைந்துபோகிறார்கள்.

எடுத்துக்காட்டாக ஓர் ஆல்பத்தை வைத்துக்கொண்டு பேசலாம். மத்தியாஸ் ஐக் 1979இல் பிறந்த டிரம்பெட் கலைஞர். தன் பெயரில் அவர் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘தி டோர்’, 2008இல் ஜெர்மனியின் இ.சி.எம். என்ற இசைப்பதிவு நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அடிப்படையில் அது ஒரு நால்வர் குழு: டிரம்பெட், பியானோ, பாஸ் கிட்டார், டிரம்ஸ். மெட்டுகள் மெதுவானவை, பாடிப் பார்க்கக்கூடியவை. அதில் ஓர் உருப்படிக்கு ‘டிசம்பர்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் பனிக்காலம் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஆனால் மற்றத் தலைப்புகளையும் படியுங்கள். ஸ்டாவங்கர் நார்வேயின் எண்ணெய்த் தொழில் நகரம். கொலோன் ஜெர்மனியில் இருக்கிறது. போர்வோ பின்லாந்தில் இருக்கிறது. வில்லியம்ஸ்பர்க் என்ற பெயருக்கு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஓர் இளைஞனின் பயணப்பையைத் திறந்து பார்ப்பது போலத்தான் எனக்கு இந்தப் பட்டியல் தோன்றுகிறது.

அவருடைய ‘மிட்வெஸ்ட்’ என்ற 2015ஆம் ஆண்டு ஆல்பத்தில் நிலம் மெய்யாகவே பேசுபொருள். ஆனால் அந்த நிலம் அமெரிக்காவின் மையப் பகுதிச் சமவெளி. பிழைப்புத் தேடி நார்வேயிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களின் கதை அதன் அடியில் ஓடுகிறது. அட்டையைப் பார்த்து இசையை எடைபோடுபவர்களுக்கு இது பிடிபடவே பிடிபடாது.

அந்த மூச்சு எங்கிருந்து வந்தது?

நார்வே டிரம்பெட் கலைஞர்கள் பலரிடம் கேட்கும் அந்தக் காற்று கலந்த மென்மையான ஒலியை வடதுருவக் குளிரோடு முடிச்சுப் போடுவது இரண்டாவது தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டிரம்பெட்டில் ஒலி பிறப்பது உதடுகளின் அதிர்வில். உதடுகளை இறுக்கி வைத்து ஊதினால் பளீரென்ற உலோக ஓசை வரும். உதடுகளைத் தளர்த்தி, காற்றைக் கொஞ்சம் கசியவிட்டால் சுரத்துக்கு முன்பாக மூச்சு கேட்கும். சுரம் அதற்குள்ளிருந்து மெல்ல எழும். கசிகிற காற்றை வைத்துக்கொண்டு சுருதி பிசகாமல் ஒரு நீண்ட சுரத்தைத் தாங்குவது எளிதல்ல. ‘பலம் இல்லாமல் ஊதுகிறார்கள்’ என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உரத்து வாசிப்பதைவிடப் பல நேரங்களில் அதிகக் கட்டுப்பாடு கேட்கிற வேலை அது.

1968இல் பிறந்த ஆர்வே ஹென்ரிக்சன் இந்த வழியில் வெகுதூரம் போனவர். அவருடைய டிரம்பெட்டை முதன்முறை கேட்பவர்கள் அதைப் புல்லாங்குழல் என்றே நினைப்பார்கள். அவர் மாதிரியாகக் கொண்டது ஜப்பானிய மூங்கில் குழலான ஷகுஹாச்சியை. அந்தக் குழலின் ஒலிப்பதிவை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் அவருக்கு மூத்த இன்னொரு நார்வே டிரம்பெட் கலைஞரான நில்ஸ் பெட்டர் மோல்வேர். ஹென்ரிக்சனின் முதல் தனி ஆல்பம் 2001இல் வந்தது. தோட்டம் அமைப்பது பற்றிய பழைய ஜப்பானிய நூல் ஒன்றின் பெயரான ‘சகுதேகி’யையே அதற்குத் தலைப்பாக வைத்தார்.

ஹென்ரிக்சன், மோல்வேர் இருவருமே கடன்பட்டிருக்கும் மற்றொருவர் அமெரிக்கரான ஜான் ஹாசெல். அவர் லாகூரில் பிறந்த இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் பயின்றவர். பிரான் நாத் சார்ந்த கிரானா என்ற பாடும் மரபில் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் அந்த இழைவை டிரம்பெட்டில் கொண்டுவர அவர் பாடுபட்டார். ஆக, நாம் ‘வடக்கின் குளிர்’ என்று பெயர் சூட்டும் அந்த ஒலியில் ஜப்பானிய மூங்கிலும் லாகூர்க் குரலும் கலந்திருக்கின்றன. இது தெரிந்த நாளிலிருந்து என்னால் அந்த ஒலியைக் குளிர்ந்ததாகக் கேட்கவே முடியவில்லை.

ஹென்ரிக்சனின் 2004ஆம் ஆண்டு ஆல்பமான ‘கியாரோஸ்குரோ’வின் முதல் உருப்படியைக் கேளுங்கள். அதில் உயர்ந்த ஸ்தாயியில் ஒரு மனிதக் குரல் வரும், பெண் குரலோ சிறுவனின் குரலோ என்று ஐயப்படும்படி. ஹென்ரிக்சனேதான் பாடுகிறார். அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டே அவர் டிரம்பெட்டைக் கேட்டால், இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவது போல இருக்கும்.

இதையே காரணம் காட்டி ‘எல்லா நார்வே டிரம்பெட்டும் ஒரே மாதிரிதான்’ என்று சொல்லிவிடவும் கூடாது. மோல்வேர், ஹென்ரிக்சன், ஐக் மூவரும் டிரான்ட்ஹைம் நகரில் ஜாஸ் படித்தவர்கள். 1979இல் அங்கே தொடங்கப்பட்ட ஜாஸ் படிப்பு, செவிவழிப் பயிற்சிக்கும் சொந்தக் குரலைக் கண்டுபிடிப்பதற்கும் பெயர் பெற்றது. ஒரே ஊரில் படித்தும் மூவரும் மூன்று திசையில் போனார்கள். மோல்வேர் 1997இல் ‘க்மேர்’ என்ற ஆல்பத்தில் டிரம்பெட்டை மின்னணுத் தாளங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஹென்ரிக்சன் மூச்சுக்குள் போனார். ஐக் மெட்டை நம்பினார். மூவரின் ஆல்பங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், வேறுபாடு தானே விளங்கும்.

கைபேசி ஒலிபெருக்கி

சின்ன விஷயம், ஆனால் பலருடைய கேட்பனுபவத்தைக் கெடுப்பது இதுதான். பாஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் அந்த ஒலியைத் தர முடியாது. எனவே கைபேசியில் ‘தி டோர்’ கேட்பவர் நால்வர் குழுவில் மூன்று பேரைத்தான் கேட்கிறார். நானே அந்த ஆல்பத்தை முதலில் பஸ் பயணத்தில், எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே கேட்டுவிட்டு, ‘அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை’ என்று ஒதுக்கி வைத்தேன். சில மாதங்கள் கழித்து, வீடு உறங்கிய பிறகு, நல்ல ஹெட்போனில் மறுபடி கேட்டேன். டிரம்பெட் நீண்ட சுரத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கீழே பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டு கட்டிக்கொண்டு நடந்துபோவது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்த இடத்தில்தான் எல்லாமே நடந்துகொண்டிருந்தது.

இ.சி.எம். வெளியீடுகள் தொடக்கத்தில் சில விநாடிகள் மௌனத்தை வைத்திருக்கும். ஓடவில்லை போலிருக்கிறது என்று அடுத்த உருப்படிக்குத் தாவிவிடாதீர்கள். மௌனம் முடிந்ததும் ஒலியைக் கூட்டிவிடவும் வேண்டாம். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒலிப்பதிவாளர் வேண்டுமென்றே காப்பாற்றி வைத்திருக்கிறார். ‘தி டோர்’ பதிவானது ஆஸ்லோவின் ரெயின்போ ஸ்டூடியோவில். அதை நிறுவிய ஒலிப்பதிவாளர் யான் எரிக் கோங்ஸ்ஹவ்க் 2019இல் மறைந்தார். இந்த இசையின் வரலாற்றில் வாத்தியக் கலைஞர்களுக்கு இணையாக எழுதப்பட வேண்டிய பெயர் அது.

தூங்குவதற்கான பாடல் தொகுப்புகளில் இந்த ஆல்பங்களிலிருந்து ஒன்றிரண்டை உருவிச் சேர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஓர் ஆல்பத்தில் உருப்படிகளின் வரிசை யோசித்து அமைக்கப்பட்டது. முழுதாக, அந்த வரிசையில் கேளுங்கள்.

தலைவரும் மற்ற மூவரும்

அட்டையில் ஒரே ஒருவரின் பெயர் பெரிதாக இருப்பதால், மற்ற மூவரைப் பக்கவாத்தியக்காரர்களாக எண்ணிவிடுகிறோம். ‘இளம் டிரம்பெட் கலைஞரின் குழு’ என்றால் நால்வரும் இளைஞர்கள் என்றும் எண்ணிக்கொள்கிறோம். ‘தி டோர்’ பதிவானபோது ஐக்குக்கு முப்பது வயது ஆகவில்லை. ஆனால் பியானோவில் அமர்ந்த யூன் பால்கே 1955இல் பிறந்தவர். ஐக் பிறப்பதற்கு முன்பே, பாஸ் கலைஞர் அரில்ட் ஆண்டர்சனின் நால்வர் குழுவில் வாசித்துப் பதிவு செய்தவர். டிரம்ஸ் வாசித்த அவ்டுன் கிளைவேயும் பாஸ் கிட்டார் வாசித்த அவ்டுன் எர்லியனும் ஐக்கைவிட மூத்தவர்கள். ஓர் இளைஞன் பேசுகிறான், மூன்று அனுபவசாலிகள் அவனை இடைமறிக்காமல், ஆனால் தலையாட்டிக்கொண்டும் இராமல், பதில் சொல்கிறார்கள். இந்த ஆல்பத்தின் பதற்றமும் பரிவும் அந்த உரையாடலில்தான் இருக்கின்றன.

டிரம்ஸைப் பொறுத்தவரை நம் காது கொஞ்சம் பழக வேண்டும். தாளத்தை எண்ணிக்கொண்டே கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நார்வே டிரம்ஸ் வாசிப்பில் யூன் கிறிஸ்டென்சன் என்ற பெரிய மனிதரின் நிழல் உண்டு. அவர் காலக்கணக்கை வெளிப்படையாக அடித்துக் காட்டாமல் சிம்பலின் அலையில் அதைக் கரைத்துவிடுவார். எண்ணிக்கை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நாம் உணர்வது அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும். அதேபோல, இது எந்த ராகத்தின் சாயல் என்று தேடுவதும் நம்மவர்களின் வழக்கம். சில விநாடிகளுக்கு ஏதோ ஒன்று ஒத்துவரும், பிறகு பியானோவின் அடுத்த கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, அதைக் கலைத்துவிடும். உண்மையான சந்திப்பைக் கேட்க வேண்டுமானால் அதற்குத் தனியே ஆல்பம் இருக்கிறது: சென்னையில் பிறந்து இலங்கையில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பரெக், டென்மார்க் டிரம்பெட் கலைஞர் பல்லே மிக்கெல்போர்க் மூவரும் 1980களில் சேர்ந்து செய்த ‘விஷன்’.

சாந்தம் மட்டும்தான் என்று எண்ணுவது

நான் மிகவும் வருத்தப்படும் தவறு இது. நார்வே டிரம்பெட் என்றால் அமைதி என்று நினைப்பவர்கள் தோமாஸ் யோஹான்சனின் கார்டெக்ஸ் குழுவை ஒருமுறை கேட்க வேண்டும். அதுவும் நால்வர் குழுதான், ஆனால் பியானோ கிடையாது. டிரம்பெட், கிறிஸ்தோஃபர் ஆல்பெர்ட்ஸின் சாக்ஸபோன், ஊலா ஹோயரின் டபுள் பாஸ், கார்ட் நில்சனின் டிரம்ஸ். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனும் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியும் 1950களின் இறுதியில் திறந்துவிட்ட பாதை. இரண்டு ஊதுவாத்தியங்களும் ஒரு கூர்மையான மெட்டைச் சேர்ந்து எறிந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பாயும். கார்டு வாசித்துத் தரைபோட்டுக் கொடுக்கப் பியானோ இல்லாததால், ஒவ்வொருவரும் எந்த நேரமும் விழிப்போடு இருந்தாக வேண்டும். லிஸ்பனின் கிளீன் ஃபீட் நிறுவனம் வெளியிட்ட ‘லைவ் இன் நியூயார்க்’, ‘அவான்கார்ட் பார்ட்டி மியூசிக்’ இரண்டும் நல்ல தொடக்கங்கள்.

இதைக் கேட்டதும் சிலர் அவசரமாக இன்னொரு எல்லைக்கோடு போடுவார்கள்: மென்மையானவர்கள் ஒரு முகாம், முரட்டுத்தனமானவர்கள் மறு முகாம் என்று. ஐக்கின் 2011ஆம் ஆண்டு ஆல்பமான ‘ஸ்காலா’வில் இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள். அவர்களில் ஒருவர் கார்டெக்ஸின் அதே கார்ட் நில்சன். ஐக் இசைக்கலைஞராக வளர்ந்ததுகூட ராக்கும் மின்னணு இசையும் கலந்து முழங்கும் யாகா யாசிஸ்ட் என்ற பெருங்குழுவில்தான். இன்னும் பின்னால் போனால், 1970இல் கார்பரெக்கின் நால்வர் குழு ஆஸ்லோவில் பதிவு செய்த ‘ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்’ இருக்கிறது. இ.சி.எம். நிறுவனத்துக்கும் நார்வேக்கும் உறவு தொடங்கியது அந்த ஆல்பத்தில். அதில் சாக்ஸபோன் கதறுகிறது, உறுமுகிறது. பனி எங்கும் இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ‘தி டோர்’ ஆல்பத்தின் முதல் உருப்படியை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை டிரம்பெட்டை அதன் போக்கில் விட்டுவிட்டு எர்லியனின் பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை கிளைவேயின் சிம்பலை. மூன்றாவது முறை டிரம்பெட்டுக்குத் திரும்பி வாருங்கள், ஐக் எந்தெந்த இடத்தில் ஊதுவதை நிறுத்திவிட்டு மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.