கூட்டமில்லாத கரீபியன் பீச் வேணுமா? தீவை இப்படிப் பாத்து எடுங்க

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கரீபியன்ல மழை கம்மி, புயல் சீசனும் நவம்பரோட முடிஞ்சிடும், அதனால எல்லாரும் அப்பதான் கிளம்புவாங்க. அமைதி வேணும்னா மொதல்ல பாக்க வேண்டியது ஹோட்டல் இல்ல, அந்தத் தீவுக்கு பெரிய குரூஸ் கப்பல் வருதான்னுதான். நஸாவ், செயின்ட் தாமஸ் மாதிரி இடத்துல ஒரே நாள்ல நாலஞ்சு கப்பல் வந்து நின்னா பீச்சுல துண்டு விரிக்கக்கூட இடம் இருக்காது.

என் சாய்ஸ் அங்குவிலாதான். பெரிய கப்பல் நிக்கிற துறைமுகமே கிடையாது, பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டின்ல இறங்கி படகு ஏறுனா அரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், முப்பதுக்கு மேல பீச் இருக்கு, எல்லாமே பொதுவானது. ஷோல் பே மணல் மாவு மாதிரி அவ்ளோ வெள்ளையா இருக்கும். ஆனா விலை ஜாஸ்தி, அதுலயும் கிறிஸ்துமஸ் வாரம் வேணவே வேணாம், ஜனவரி நடுவுல போங்க, கொஞ்சம் இறங்கும்.

பட்ஜெட் இடிச்சா பெக்வேங்கிற குட்டித் தீவைப் பாருங்க, செயின்ட் வின்சென்ட் தீவுல இருக்குற கிங்ஸ்டவுன்ல இருந்து ஃபெர்ரில ஒரு மணி நேரம், பிரின்சஸ் மார்கரெட் பீச்சுல தண்ணி குளம் மாதிரி கிடக்கும்.

இன்னொண்ணு, காத்து. குளிர்காலத்துல கிழக்குல இருந்து பலமா அடிக்கும், அதனால எந்தத் தீவா இருந்தாலும் மேற்குக் கரைல ரூம் போடுங்க. பார்படோஸ்ல மேற்குல குழந்தைங்க நீந்தலாம், கிழக்குல பத்ஷீபா பக்கம் அலை ஆளையே இழுத்துட்டுப் போயிடும், அங்க தயவுசெஞ்சு இறங்கிடாதீங்க.