தண்டர்பேர்டில் நியூஸ்குரூப் மடல்களை எடுத்துவைக்கும் என் முறை

கணிதப் புத்தகங்களுக்கு லேட்டெக் என்ற அச்சமைப்பு மென்பொருளில் பக்கம் அமைப்பது என் பிழைப்பு. சமன்பாடு ஓரத்தைத் தாண்டி நிற்கும், அடிக்குறிப்பு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். அதுவும் கோப்பு அச்சுக்குப் போக வேண்டிய அன்றைக்குத்தான். இவற்றுக்கான வழியைப் பெரும்பாலும் காம்ப்.டெக்ஸ்ட்.டெக் என்ற நியூஸ்குரூப்பில் (மடல் வழியாக நடக்கும் பொது விவாதக் குழு) யாராவது எப்போதோ எழுதிவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இழைகளை, அதாவது ஒரு கேள்வியையும் அதற்கு வந்த பதில்களையும், தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலில் சேர்த்து வருகிறேன். நீங்கள் படிப்பது வேறு குழுவாக இருந்தாலும் முறை இதேதான்.

மின்னஞ்சலுக்குப் பழகியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: நியூஸ்குரூப்பில் நாம் பார்ப்பது நம்முடைய மடல் அல்ல, சர்வரில் கிடக்கும் பொது மடல். தண்டர்பேர்ட் முதலில் தலைப்புகளை மட்டும் இறக்கும். மடலைத் திறக்கும்போதுதான் உள்ளடக்கம் வரும். ஒவ்வொரு சர்வரும் தனக்கு வசதிப்பட்ட காலம் வரைதான் மடல்களை வைத்திருக்கும். பிறகு தலைப்பு மட்டும் உங்கள் பட்டியலில் நிற்கும், சொடுக்கினால் மடல் காலாவதியாகியிருக்கலாம் என்று பதில் வரும். 'கூகுள் குரூப்ஸில் இருக்குமே' என்ற தைரியமும் இனி வேண்டாம். 2024 பிப்ரவரி 22 முதல் அங்கே யூஸ்நெட்டின் (இந்த நியூஸ்குரூப்புகள் எல்லாம் சேர்ந்த வலையமைப்பு) புதிய மடல்கள் ஏறுவதில்லை. பழையவற்றைத் தேடிப் படிக்கலாம், அவ்வளவுதான்.

கணக்கு அமைப்பது சின்ன வேலை. ஆல்ட் விசையை அழுத்தினால் மெனு வரிசை தெரியும். அதில் ஃபைல், நியூ, நியூஸ்குரூப் அக்கவுன்ட். நான் எடர்னல் செப்டம்பர் சர்வரைப் பயன்படுத்துகிறேன். இலவசம், எழுத்து மடல்களுக்கு மட்டுமானது, பதிவு செய்துகொள்ள வேண்டும். இணைப்புப் பாதுகாப்பில் எஸ்எஸ்எல் தேர்ந்தெடுத்து, போர்ட் 563 என்று வையுங்கள் (பாதுகாப்பில்லாத பழைய போர்ட் 119). சர்வர் அமைப்புகளில் 'இணையும்போது எப்போதும் கடவுச்சொல் கேள்' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிடுங்கள். அப்புறம் கணக்கின் மேல் வலது சொடுக்கு, சப்ஸ்கிரைப், குழுவின் பெயர். முதல் தடவை குழுப் பட்டியல் முழுவதும் இறங்கும் வரை பொறுமை வேண்டும்.

இனி சேமிப்பு. பலர் நட்சத்திரம் போடுகிறார்கள், டேக் (அடையாளச் சீட்டு) போடுகிறார்கள், அதோடு சேமித்தாயிற்று என்று நினைக்கிறார்கள். நியூஸ்குரூப் மடலில் போடும் நட்சத்திரமும் டேகும் எம்எஸ்எஃப் என்று முடியும் ஒரு குறிப்புக் கோப்பில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கோப்பு கெட்டால், அல்லது ஃபோல்டரை ரிப்பேர் செய்தால், எல்லாம் போச்சு. எனவே வேண்டிய மடலை லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு நகலெடுங்கள், டேகை அங்கே போடுங்கள். அங்கே போட்ட டேக் மடலின் தலைப்பு வரிகளிலேயே எழுதப்படும். எம்எஸ்எஃப் போனாலும் திரும்பி வரும். நியூஸ்குரூப்பிலிருந்து மடலை நகர்த்த முடியாது, நகலெடுக்கத்தான் முடியும். இழுத்துப் போட்டாலும் நகல்தான் போகும், மூலம் அங்கேயே இருக்கும்.

பதில் மடலை மட்டும் எடுக்காதீர்கள். முழு இழையையும் எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதில் எழுதுபவர் விஷயம் தெரிந்தவர். 'அந்த பேக்கேஜை எடுத்துவிட்டு இதைப் போடு' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார் (பேக்கேஜ் என்பது லேட்டெக்கோடு சேர்க்கும் துணைநிரல்). கேள்வி கேட்டவர்தான் 'ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்' என்று திரையில் வந்த எச்சரிக்கையை அப்படியே ஒட்டியிருப்பார், பிரச்சினையைக் காட்டும் சிறிய மாதிரிக் கோப்பையும் சேர்த்திருப்பார். பின்னால் நாம் தேடப்போவது அவருடைய சொற்களைத்தான், ஏனென்றால் அப்போது நாமும் அவர் நிலையில்தான் இருப்போம். இழையில் ஏதாவது ஒரு மடலில் நின்று கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ அழுத்தினால் இழை முழுவதும் தேர்வாகும். வலது சொடுக்கு, காப்பி டூ, லோக்கல் ஃபோல்டர்ஸ். திறக்காத மடல்களின் உள்ளடக்கத்தையும் அது சர்வரிலிருந்து இழுத்து வரும் என்பதால் இணைய இணைப்பு இருக்க வேண்டும். இழை ஓய்ந்த பிறகு நகலெடுப்பது உத்தமம். அதுவரை டபிள்யூ அழுத்திக் கண்காணிப்பில் வைத்திருங்கள். வீண் சண்டை நடக்கும் இழைக்கு கே விசையை அழுத்துங்கள். அதன் பிறகு அந்த இழை கண்ணில் படாது.

ஃபோல்டர்களைக் குறைவாக வையுங்கள். என்னிடம் சமன்பாடு, அட்டவணை, படம், எழுத்துரு, இதர என்று ஐந்துதான். பேக்கேஜுக்கு ஒரு ஃபோல்டர் என்று ஆரம்பித்தால், ஓர் இழை மூன்று பேக்கேஜைத் தொடும், எதில் போடுவது என்று யோசித்தே நேரம் போகும். நுணுக்கத்தை டேக் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பயன்படுபவை இரண்டு: 'செய்து பார்த்தது', 'காலாவதி'. ஒரு படத்துக்குள் சிறு படங்களை அடுக்கும் சப்ஃபிகர் பேக்கேஜை வைத்துச் சொன்ன பழைய வழிகளுக்கு 'காலாவதி' போட்டுவிடுவேன், இப்போது சப்கேப்ஷன்தான். ஆனால் அழிக்க மாட்டேன், ஏனென்றால் ஆசிரியர்கள் இன்னும் சப்ஃபிகர் போட்ட கோப்புகளைத்தான் அனுப்புகிறார்கள்! 'செய்து பார்த்தது' டேக் உள்ளவற்றை ஐந்து ஃபோல்டர்களிலிருந்தும் ஒரே இடத்தில் காட்ட ஒரு சேவ்டு சர்ச் (சேமித்துவைத்த தேடல்) வைத்திருக்கிறேன். ஃபைல், நியூ வழியாகவே அதையும் உருவாக்கலாம். தேடுவதற்கு கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே. அதில் பாடி என்பதையும் தேர்ந்தெடுங்கள், தலைப்பில் வெறும் 'ஹெல்ப்' என்று எழுதியவர்கள் ஏராளம்.

நிரல் வரிகளைத் திரையிலிருந்து அப்படியே நகலெடுக்க வேண்டாம். தண்டர்பேர்ட் இரண்டு உடுக்குறிகளுக்கு (*) நடுவே உள்ளதைத் தடித்த எழுத்தாகக் காட்டும், முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்ந்தால் சிரிக்கும் முகமாக்கிவிடும். கன்ட்ரோல்-யூ அழுத்தினால் மூல வடிவம் வரும், அதிலிருந்து எடுங்கள். சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் அதன் பின்னால் 3டி ஒட்டிக்கொண்டிருந்தால் அது மடலின் குறியாக்கம். ஒட்டியதை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரே மடலைத் தனியாக யாருக்காவது தர வேண்டுமென்றால் கன்ட்ரோல்-எஸ் போதும், இஎம்எல் கோப்பாகச் சேமிக்கலாம்.

காப்பு நகலுக்கு ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் போய் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொண்டு, தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். மெயில், அதற்குள் லோக்கல் ஃபோல்டர்ஸ். பின்னொட்டு இல்லாமல் உங்கள் ஃபோல்டர் பெயரிலேயே இருக்கும் கோப்புகள்தான் மடல்கள். எம்பாக்ஸ் என்ற பழைய எளிய வடிவம், வேறு பல மடல் நிரல்களும் படிக்கும். எம்எஸ்எஃப் கோப்புகளை விட்டுவிடலாம், தானாக மறுபடி உருவாகும். உள்ஃபோல்டர்கள் வைத்திருந்தால் எஸ்பிடி என்று முடியும் அடைவுகளையும் சேர்த்து எடுங்கள், உள்ஃபோல்டர்களின் மடல்கள் அவற்றுக்குள்தான் இருக்கின்றன.