பாக்ஸிங் பழக ஆரம்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஞ்சிங் பேக் திருப்பி அடிக்காது என்ற தைரியத்தில்தான் எல்லோரும் முதல் நாளே அதன்மேல் பாய்கிறார்கள். புதிதாக வருபவர்கள் முதல் சில மாதங்களில் காயப்படுவது பெரும்பாலும் அதனிடம்தான். மணிக்கட்டில் சுளுக்கு, விரல் முட்டியில் வீக்கம், தோள்பட்டையில் விடாத வலி என்று வருபவர்களை விசாரித்தால், எதிரில் ஆளே இருந்திருக்க மாட்டார். கை பழகுவதற்கு முன்பே பலத்தைக் காட்டியிருப்பார்கள். ஆரம்பத் தவறுகள் எத்தனையோ விதம் என்றாலும் அடியில் இருப்பது இந்த அவசரம்தான். கிளவுஸ் வாங்குவதில் அவசரம், ரிங்கில் ஏறுவதில் அவசரம், போட்டிக்கு எடை குறைப்பதில் அதைவிட அவசரம்.

கிளவுஸுக்கு முன்னால் ஹேண்ட் ராப்

சென்னை பெரியமேட்டுக் கடைகளில் ஆகட்டும், ஆன்லைனில் ஆகட்டும், முதலில் எல்லோரும் தேடுவது கிளவுஸ். ஆனால் முதலில் வாங்கிப் பழக வேண்டியது ஹேண்ட் ராப், அதாவது கிளவுஸுக்குள் கையைச் சுற்றிக் கட்டும் நீளமான துணிப்பட்டை. ஒரு கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. அவற்றில் பல சிறியவை, மெல்லியவை. அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பதும், மணிக்கட்டை வளையாமல் நிறுத்துவதும் ராப்பின் வேலை. கிளவுஸில் உள்ள பஞ்சு அடியின் அதிர்ச்சியைத்தான் குறைக்கும். உள்ளே எலும்பு நகராமல் பார்த்துக்கொள்ளாது.

பெரியவர்களுக்கு நாலரை மீட்டர் நீள ராப் வேண்டும். கடையில் கிடைக்கும் இரண்டரை மீட்டர் ராப் சிறுவர்களுக்கும் மிகச் சின்னக் கைக்கும்தான் போதும். விலை குறைவு என்று அதை வாங்கினால் முட்டியைச் சுற்றியதும் தீர்ந்துவிடும், மணிக்கட்டுக்கு ஒரு சுற்றுகூட மிஞ்சாது. கையுறை மாதிரி சட்டென மாட்டிக்கொள்ளும் ஜெல் ராப்புகளும் இருக்கின்றன. வசதிதான், ஆனால் பலவற்றில் மணிக்கட்டுக்குச் சரியான பிடிமானம் கிடையாது. கட்டுவதற்குச் சோம்பல் பட்டு அதை வாங்குவதாக இருந்தால் வாங்காமல் இருப்பதே மேல்.

கட்டும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் முஷ்டியை மடக்கும்போது கட்டு சரியாக இறுகும். முஷ்டியை மூடிக்கொண்டே கட்டினால் இரண்டாவது ரவுண்டுக்குள் தளர்ந்து தொங்கும். மறுபக்கம், விரல் நுனி வெளுத்தாலோ மரத்துப்போனாலோ இறுக்கம் அதிகம். அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

அப்புறம் கிளவுஸ். கை அளவைப் பார்த்து எடையைத் தேர்ந்தெடுப்பது பரவலான குழப்பம். அவுன்ஸ் கணக்கு கிளவுஸின் எடையைச் சொல்வது, ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். எந்த எடை வேண்டும் என்பதை உங்கள் உடல் எடையும், எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதும்தான் தீர்மானிக்கும். தொழில்முறை வீரர்கள் 8, 10 அவுன்ஸில் ஆடுவதை டிவியில் பார்த்துவிட்டு அதையே கேட்டு வாங்குகிறார்கள். அது போட்டிக்கான எடை. பேக்கில் பயிற்சி செய்ய 12 அல்லது 14, ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிரில் ஆளோடு ஆடிப் பழகும் பயிற்சிக்கு, 16 என்பது பொதுவான வழக்கம். உடல் எடை குறைந்தவர்கள் ஸ்பாரிங்குக்கு 14 போடுவதும் உண்டு. ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 16 வாங்குங்கள். ஆரம்பத்தில் கை கனக்கும், ஆனால் அந்தக் கனத்தோடு கையைத் தாடைக்கு மேல் தூக்கி வைத்திருப்பதே ஒரு பயிற்சி.

காசு சேர்ந்ததும் இரண்டாவது ஜோடி வாங்கிவிடுங்கள். தினமும் பேக்கில் அடிபடும் கிளவுஸில் முட்டிப் பக்கத்துப் பஞ்சு அமுங்கிப்போகும். அதை மாட்டிக்கொண்டு ஸ்பாரிங்குக்கு வந்தால் நீங்கள் மெதுவாக அடித்தாலும் எதிரில் நிற்பவர் முகத்தில் எலும்பு இடிக்கும். பழைய கிளவுஸ் வாங்கும்போது ஒரு கையில் மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்து மறு கைக் கட்டைவிரலால் முட்டிப் பகுதியை அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் விரல் முட்டி தட்டுப்பட்டால் அது பேக்குக்குக்கூட வேண்டாம். வெல்க்ரோ கிளவுஸ் என்றால் ஸ்பாரிங்குக்கு முன் அதன்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். வெல்க்ரோ விளிம்பு கண்ணோரத்தில் உரசினால் கீறிவிடும்.

மவுத் கார்டைப் பலர் ஸ்பாரிங் அன்றுதான் பையிலிருந்து எடுக்கிறார்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்கு ஏற்ப வார்க்கும் வகை போதுமானது, ஆனால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் விநாடிக் கணக்கை மதிக்க வேண்டும். வாயைத் திறந்ததும் கீழே விழுந்தால் சரியாக வார்க்கவில்லை என்று பொருள். பேக் பயிற்சியிலேயே போட்டுப் பழகினால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட வரும். வாய் திறந்திருக்கும் நேரத்தில் தாடையில் விழும் ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) எலும்பை முறிக்கக்கூடியது. பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் பல் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

ஹெட் கார்டு விஷயத்தில் தலைகீழான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. அது தலைக்கு மாட்டும் கவசம், எனவே மூளைக்குக் காப்பு என்று நினைக்கிறார்கள். வெட்டுக்காயம், கன்ன வீக்கம், தலையோடு தலை மோதுவது இவற்றுக்குத்தான் அது உதவும். தலை வேகமாகத் திரும்பும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை ஆடுவதை அது தடுக்காது. சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் ஆண்களுக்கு 2013-இல் ஹெட் கார்டை எடுத்துவிட்டார்கள்; 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறும் தலையோடுதான் மோதினார்கள். அந்த முடிவு சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அவர்கள் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், நீங்கள் கட்டாயம் மாட்டுங்கள். மாட்டியதால் நாலு அடி கூடுதலாக வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஷூ பற்றிச் சுருக்கமாக: தடித்த குதிகால் உள்ள ரன்னிங் ஷூ வேண்டாம், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் பிசகும். பாக்ஸிங் ஷூ வாங்கும் வரை தட்டையான அடிப்பாகம் உள்ள எதுவும் போதும்.

பேக் முன்னால்

அனுபவம் இல்லாதவர்கள் குத்தும்போது சுண்டுவிரல், மோதிரவிரல் முட்டிகள் முதலில் பட்டுவிடுகின்றன. சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதியில் ஏற்படும் முறிவுக்கு மருத்துவர்கள் 'பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நன்றாகக் குத்தத் தெரிந்த பாக்ஸருக்கு அது அபூர்வமாகத்தான் வரும்; கோபத்தில் சுவரைக் குத்துபவருக்குத்தான் அதிகம். ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகள் பட வேண்டும், கட்டைவிரல் விரல்களுக்கு வெளியே மடங்கியிருக்க வேண்டும், மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஹூக் போடும்போதுதான் மணிக்கட்டு உள்ளே மடங்கும், அதைப் பேக்கில் மெதுவாகப் போட்டுப் பார்த்துப் பழகுங்கள்.

பேக்கிடம் ஒரு கெட்ட குணம், அது தவறைத் தண்டிக்காது. ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து) போட்ட கையை இடுப்புப் பக்கம் இறக்கிக்கொண்டு வந்தாலும் அது சும்மா தொங்கும். மற்றக் கை தாடையை விட்டு விலகினாலும் சும்மா தொங்கும். மாதக்கணக்கில் அப்படிப் பழகிவிட்டு ஸ்பாரிங்கில் ஒருவர் எதிரே நிற்கும்போதுதான் கை எங்கே போனது என்று தெரியும். அதனால்தான் நல்ல மாஸ்டர்கள் முதல் சில வாரங்களுக்கு ஜாப், நகர்வு, கைகளைத் தாடையருகே திரும்பக் கொண்டுவரும் காவல் நிலை, இதைத் தவிர வேறு எதையும் கொடுப்பதில்லை. சலிப்பாகத்தான் இருக்கும். ரீல்ஸில் பார்த்த எட்டு குத்து காம்பினேஷனை அந்தச் சலிப்பில் முயன்று பார்க்கிறார்கள். மூன்றாவது குத்துக்கு மேல் கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும்.

கால் விஷயம் எளிது: முன்னே போக முன்கால் முதலில், பின்னே போகப் பின்கால் முதலில், இரண்டும் குறுக்கே போகக் கூடாது. இதைக் கண்ணாடி முன்னால் ஷேடோ பாக்ஸிங்கில், அதாவது ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகும்போதுதான் சரிசெய்ய முடியும். அதை வெறும் வார்ம் அப் என்று நினைத்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுபவர்கள்தான் அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவது இன்னொன்று. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சைச் சிறிதாக வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் கை தொங்கிவிடும்.

ஒரு ரவுண்டு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. பயிற்சியை இந்தக் கணக்கில் செய்யாமல் தினமும் மெரினாவில் நிதானமாக எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, "ஸ்டாமினா இருக்கு" என்று சொல்பவர்கள் இரண்டாவது ரவுண்டில் நிற்க முடியாமல் தவிப்பார்கள். நீண்ட ஓட்டமும் வேண்டும், வேகமாக ஓடி நின்று மீண்டும் வேகமாக ஓடுவதும் வேண்டும். கையில் டம்பெல் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துவதை விட்டுவிடுங்கள், தோள் மூட்டுதான் கெடும். ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் அளவு வர வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் காலில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஈர கிளவுஸைப் பையில் போட்டு ஜிப்பை மூடினால் இரண்டே வாரத்தில் நாற்றம், அப்புறம் பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் வாயை அகலத் திறந்து ஃபேன் அடியில் வையுங்கள், உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் ஈரத்தை இழுக்கும். உச்சி வெயிலில் காயப்போட்டால் தோல் வெடித்துவிடும். ராப்பை ஒவ்வொரு நாளும் துவையுங்கள். அடுத்தவர் ராப்பைக் கடன் வாங்கிப் படையையும் சேர்த்து வாங்கி வருபவர்கள் உண்டு.

ஸ்பாரிங்

அதிகச் சேதம் நடக்கும் இடம் இதுதான். முதலாவது தவறு, சீக்கிரம் இறங்குவது. சேர்ந்து மூன்று வாரத்தில் "எப்போ ஸ்பாரிங் விடுவீங்க மாஸ்டர்?" என்று கேட்பவர்களைச் சில இடங்களில் உடனே ஏற்றிவிடுகிறார்கள். சரியான வழி படிப்படியானது. முதலில் தொடாமல் எதிரெதிர் நின்று நகர்ந்து பழகுவது, பிறகு ஒருவர் ஜாப் போட மற்றவர் தடுப்பது மட்டும், பிறகு இருவரும் ஜாப் மட்டும், அதன் பிறகு உடம்பில் மட்டும், கடைசியில்தான் எல்லாக் குத்தும். இந்தப் படிகளில் எத்தனை மாதம் ஆகும் என்பது ஆளைப் பொறுத்தது. முகத்தை நோக்கிக் குத்து வரும்போது கண்ணை இறுக மூடுகிறீர்களா, தலையைத் திருப்பி முதுகைக் காட்டுகிறீர்களா என்பதுதான் அளவுகோல். அவை இரண்டும் நிற்கும் வரை முழு ஸ்பாரிங் வேண்டாம். முதுகைக் காட்டினால் குத்து பின்மண்டையில் விழும், அதைவிட ஆபத்தான இடம் இல்லை.

இரண்டாவது, அதைச் சண்டையாக நினைப்பது. எவ்வளவு பலத்தில் அடிப்பது என்று தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லா கிளப்பிலும் ஒரே கதை: ஒருவர் கொஞ்சம் பலமாகப் போடுவார், அடுத்தவர் அதைவிடப் பலமாகத் திருப்புவார், ஒரு நிமிடத்தில் இருவரும் தெருச் சண்டையில் நிற்பார்கள். சுற்றி நின்று போனில் படம் பிடிப்பவர்கள் "போடு, போடு" என்று கத்துவார்கள். கேமரா இருந்தால் ஸ்பாரிங் கெடும் என்பது என் அழுத்தமான எண்ணம், பழகும் காலத்திலாவது அதை வெளியே வைக்கச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் அளவு மீறினால், "அண்ணா, கொஞ்சம் மெதுவா" என்று நிறுத்திச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லியும் கேட்கவில்லை என்றால் கிளவுஸைக் கழற்றிவிடலாம். மாஸ்டர் பார்க்காத நேரத்தில் ஸ்பாரிங்கே கூடாது. 15 கிலோ அதிகம் உள்ளவரோடு ஆடினால் பலத்தைக் குறைக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

தலையில் பட்ட பிறகு தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, மங்கலான பார்வை, சற்று முன் நடந்தது நினைவில்லாமல் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. "ஒரு ரவுண்டு முடிச்சிட்டுப் போறேன்" என்பது இல்லை. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைப்பது தவறு, பெரும்பாலும் நினைவு தப்பாமலேயே அது நிகழும். மருத்துவரைப் பாருங்கள், அவர் சொல்லும் வரை அடி படும் எதையும் செய்யாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை மளமளவென்று வீங்கி உயிரே போகலாம்; இளம் வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம். வீட்டில் தெரிந்தால் பாக்ஸிங்குக்கே அனுப்ப மாட்டார்கள் என்று தலைவலியை மறைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மாஸ்டர்கள் தாமாகவே கேட்க வேண்டும்.

முதல் போட்டிக்கு எடை குறைப்பது

கீழ் எடைப் பிரிவில் இறங்கினால் சுலபமாக ஜெயிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது, தண்ணீரை நிறுத்துவது, துப்பிக்கொண்டே இருப்பது எல்லாம் அதற்காகத்தான். 1997-இன் கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி அவசரமாக எடை குறைக்கும்போது சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகளையே அதன் பிறகு மாற்றினார்கள். பாக்ஸிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: நீர் வற்றிய உடம்போடு ரிங்கில் ஏறுபவர் தலையில் அடியும் வாங்கப் போகிறார்.

முதல் சில போட்டிகளில் இயல்பாக என்ன எடை இருக்கிறீர்களோ அந்தப் பிரிவிலேயே இறங்குங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் சில மாதங்களுக்கு முன்பே சாப்பாட்டைச் சீராக்கி மெல்ல மெல்லக் குறையுங்கள். முதல் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்று கிலோ இறக்கச் சொல்லும் மாஸ்டரிடமிருந்து விலகி வேறு கிளப் பார்ப்பது நல்லது. ஆறு மாத ஃபீஸை மொத்தமாகக் கட்டிவிட்டோமே என்று அங்கேயே இருந்துவிடாதீர்கள்.