பொட்டாஷ், எவர்சில்வர் தட்டு, நூறு தாள் நோட்டு: கதிர்த்தடுப்பை எண்ணிப் படிக்கும் முறை

இராதாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். என் பிள்ளைகளில் பலர் வீட்டில் கூடங்குளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கதிர்வீச்சைத் தடுக்க என்ன வேண்டும் என்று கேட்டால் வகுப்பே “ஈயம்” என்று கத்தும். எவ்வளவு ஈயம், எந்தக் கதிருக்கு என்று கேட்டால் அமைதி. அந்த அமைதியைப் போக்க வருஷாவருஷம் செய்யும் பாடத்தை எழுதுகிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில் கதிரை எண்ணும் ஒரு கைகர் கருவி. மைக்ரோசீவர்ட் என்ற கதிரளவை மட்டும் காட்டுவது உதவாது; மொத்த எண்ணிக்கை காட்ட வேண்டும். உள்ளே இருக்கும் குழாயில் சுமார் 400 வோல்ட் ஓடும், அதனால் பெட்டியைத் திறக்காதீர்கள். அடுத்து உரக்கடையில் ஒரு கிலோ பொட்டாஷ். களக்காட்டு வாழைக்குப் போடுகிறார்களே, அதேதான். பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40; அது தானாகச் சிதைந்து கதிர் வீசும். ஒரு கிலோ உரத்தில் விநாடிக்குச் சுமார் 15,000 அணுக்கள் சிதைகின்றன. பயப்பட வேண்டாம், நம் உடம்பிலும் விநாடிக்கு 4,000-க்கு மேல் இதே சிதைவு நடக்கிறது. கோயில் கொடைக்கு ஏற்றும் பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் கதிர் வீசும் தோரியம் இருப்பது தெரிந்து சிலர் அதை எடுப்பார்கள். எரிந்த மேன்டில் பொடிந்து மூச்சில் போகும். அது வேண்டாம்.

பொட்டாஷை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு, தட்டில் பரப்பி, இரு பக்கமும் இரண்டிரண்டு தீப்பெட்டி அடுக்கி, மேலே கருவியை வையுங்கள். இந்த இடைவெளியை மாற்றவே கூடாது. தூரம் கூடினாலே எண்ணிக்கை குறையும், நீங்கள் பொருள் தடுத்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பொட்டாஷ் இல்லாமல் 10 நிமிடம் எண்ணியபோது எங்களுக்கு 228; சுற்றிலும் எப்போதும் இருக்கும் கதிர் அது. பொட்டாஷோடு 346. நடுவில் பத்துத் தாள் வைத்தால் 287. நூறு தாள் நோட்டு முழுசாக வைத்தால் 241. நோட்டை எடுத்துவிட்டு ஒரே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தால் 244.

இந்தக் கடைசி இரண்டு எண்ணையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஒரு விரல் தடிமன் காகிதமும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எஃகும் எப்படி ஒன்றாகும்? இரண்டையும் தராசில் வைத்து, பரப்பால் வகுக்கச் சொல்லுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேலே, இரண்டும் கிட்டத்தட்ட சமம். பொட்டாஷிலிருந்து பெரும்பாலும் வருவது பீட்டா என்ற எலக்ட்ரான் கதிர். அதற்குக் கணக்கு அதுதான். பொருளின் பேரை அது பார்ப்பதில்லை.

எண்ணிக்கை எப்போதும் ஆடும். எண்ணியதன் வர்க்கமூலம்தான் அந்த ஆட்டத்தின் அளவு: 228-க்கு 15. ஆகவே 241-க்கும் 244-க்கும் வித்தியாசம் சொல்லக் கூடாது, 228-க்கும் 241-க்கும்கூட 10 நிமிடத்தை வைத்துச் சொல்லக் கூடாது. நோட்டையும் தட்டையும் தாண்டி பொட்டாஷிலிருந்து மீதி வருவது, எளிதில் ஊடுருவும் காமா கதிர். அதைப் பிடிக்க மணிக்கணக்கில் எண்ண வேண்டும்.

பொட்டாஷின் காமா பாதியாகக் குறைய நீர் என்றால் சுமார் 12 செ.மீ., கான்கிரீட் 6, ஈயம் 1.2. இந்த இடத்தில் சிகாகோவைச் சொல்வேன். 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு அங்கே இயக்கிய உலகின் முதல் அணு உலைக்குத் தடுப்புச் சுவரே கிடையாது. திறனை அரை வாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மறு வருஷமே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எக்ஸ்-10 உலை வந்தபோது சுற்றிலும் ஏழு அடி கான்கிரீட். ஆறு ஆறு சென்டிமீட்டராகப் பாதியாக்கினால் 35 தடவை. இந்தக் கதிரை மட்டும் எடுத்து, சிதறி வருவதை விட்டுவிட்டால், 3,000 கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் மணல். ஒரு வருஷம் நோட்டுக்குப் பதில் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலைப் பையில் கட்டி நடுவில் வைத்தேன். “டீச்சர், கொறையலையே, கூடல்லா செய்யுது!” என்றாள் ஒரு பிள்ளை. நானும் கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கருமணல் படிந்த இடத்து மணல் அது. அதில் மோனசைட் என்ற தாது உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றிலிருந்து தடுப்பாக வைக்கும் எதையும் முதலில் தனியாக எண்ணிவிட்டுத்தான் நடுவில் வைக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உலை கட்டியவர்கள் பட்ட பாடும் இதே பாடுதான். உலை ஓடுவது அணுவைப் பிளக்கும் நியூட்ரானால்; அதை மெதுவாக்க வைக்கும் கிராஃபைட்டில் துளி போரான் இருந்தாலும் நியூட்ரானை விழுங்கிவிடும். ஃபெர்மியோடு வேலை செய்த சிலார்ட் விடாப்பிடியாகத் தூய கிராஃபைட் கேட்டு வாங்கினார். ஜெர்மனியில் இயற்பியலாளர் போத்தே 1941-இல் அளந்து, கிராஃபைட் ஆகாது என்று முடிவு கட்ட, அவர்கள் கனநீர் பக்கம் போனார்கள். எரிபொருளுக்கு உறை போடும் சிர்கோனியமும் அப்படித்தான். இயற்கையில் அதோடு இரண்டு சதவீதம்போல ஹாஃப்னியம் ஒட்டியே வரும். சிர்கோனியத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நியூட்ரானை ஹாஃப்னியம் உறிஞ்சும். அதைப் பிரித்த பிறகுதான் உறைக்குச் சிர்கோனியம் தோதுப்பட்டது. சிர்கோனியத்தின் மூலப்பொருளான சிர்கான் நம் கடற்கரை மணலில்தான் கிடக்கிறது. பழையகாயலில் அதற்கென்றே ஆலை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

நியூட்ரானை வகுப்பில் காட்ட முடியாது, காட்டவும் வேண்டாம். அதைத் தடுக்க முதலில் மோதவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்; அதைப் புரியவைக்கக் கோலிக்குண்டு போதும். கனமான பெரிய இரும்புக் குண்டை நோக்கி உருட்டினால் கோலி வேகம் அதிகம் குறையாமல் திரும்பி வரும். சம எடைக் கோலியில் நேராக மோதினால் அப்படியே நின்றுவிடும். நியூட்ரானுக்குச் சம எடை ஹைட்ரஜன், அது நிறைய இருப்பது நீரில். 1950-இல் ஓக் ரிட்ஜில் தடுப்பு ஆராய்ச்சிக்கென்றே உலையைக் குளத்துக்குள் தொங்கவிட்டார்கள். 1956 ஆகஸ்ட் 4 அன்று மும்பை டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய நம் அப்சராவும் குளத்து உலைதான்.

முடிந்ததும் பொட்டாஷைப் பள்ளித் தோட்டத்து வாழைத் தூரில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். தட்டைச் சத்துணவுக் கூடத்துக்குத் திருப்பித் தராதீர்கள். ஆய்வுக்கென்றே ஒன்று தனியாக வாங்கி வைத்துவிடுங்கள்.